மாடல் கார் கிட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் வந்து, நாமே வெட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து, ஒட்டி முழுக் காராக்கும் பிளாஸ்டிக் கிட்களைப் பற்றிய கேள்விகள் இவை. முழுதாகவே விற்கப்படும் உலோகக் குட்டிக் கார்களைச் சேர்ப்பது தனிக் கலை. அதைத் தேவையான இடத்தில் மட்டும் தொட்டுக்கொள்ளலாம்.

பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும்?

பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்த்த பாகங்கள் இருக்கும். உருகிய பிளாஸ்டிக் ஓடிவந்த வழி, பாகங்களைச் சுற்றி ஒரு சட்டமாக உறைந்து நிற்கும். அதுதான் ஸ்ப்ரூ. பாகங்களுக்கு அருகில் எண் பொறித்திருப்பார்கள். காரின் மேலுடல் மட்டும் பெரும்பாலும் ஒரே வார்ப்பாக வரும். இவற்றோடு கண்ணாடிகளுக்கான ஒளிபுகும் பாகங்கள், வினைல் அல்லது ரப்பர் டயர்கள், பல கிட்களில் குரோம் முலாம் பூசிய ஒரு ஸ்ப்ரூ, நீரில் நனைத்து உடலில் ஒட்டும் எழுத்துகளும் படங்களும் அச்சிட்ட டீக்கால் தாள், செய்முறைத் தாள்.

பசையும் பெயின்ட்டும் பொதுவாக இருக்காது. அட்டைப்பெட்டியின் மேல் பளபளக்கும் சிவப்புக் காரைப் பார்த்து வாங்கியவர்கள் பலர், உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக்கைப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

1/24, 1/25 என்று இரண்டு அளவுகள் ஏன்?

1/24 என்றால் அசல் காரின் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது என்று பொருள். 4.8 மீட்டர் நீளமுள்ள கார் 1/24இல் 20 சென்டிமீட்டர், 1/25இல் 19.2 சென்டிமீட்டர், 1/12இல் 40 சென்டிமீட்டர். 1/43இல் 11 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும்.

1/24க்குக் கணக்கு எளிது: ஓர் அடிக்கு அரை அங்குலம். ஜப்பானிய, ஐரோப்பிய நிறுவனங்கள் பெரும்பாலும் இதையே பின்பற்றுகின்றன. 1/25 அமெரிக்க வழக்கம். 1950களில் அங்கே கார் விற்பனையாளர்கள் புது மாடல் வந்ததும் வாடிக்கையாளர்களிடம் காட்டவும் கொடுக்கவும் சிறிய பிளாஸ்டிக் கார்களை வைத்திருந்தார்கள். அவை 1/25 அளவில் செய்யப்பட்டன. அப்படிப்பட்ட விளம்பரக் கார்களைச் செய்துவந்த ஏ.எம்.டி. நிறுவனம், 1958இல் ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்களை வெளியிட்டது: ஆலையிலிருந்து வந்தபடி, அலங்காரம் செய்து மாற்றியபடி, பந்தயக் காராக. விளம்பரக் காரின் அளவே கிட்டுக்கும் நிலைத்துவிட்டது.

ஃபார்முலா ஒன் கார்களுக்கு 1/20 வழக்கம். 1/43 ரயில் மாடல் உலகத்தின் ஓ கேஜ் என்ற அளவிலிருந்து வந்தது. ஒரே அலமாரியில் 1/24ஐயும் 1/25ஐயும் கலந்து வைக்கலாமா என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. அதே கார் இரண்டு அளவிலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலொழிய யாருக்கும் தெரியாது.

முதல் கிட் எதை வாங்குவது?

1/24 அல்லது 1/25, எஞ்சின் இல்லாதது, சாலையில் ஓடும் சாதாரணக் கார், ஒரே நிறம். இவ்வளவு போதும். பந்தயக் கார் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் உடல் முழுக்க டீக்கால் ஒட்ட வேண்டியிருக்கும், அது இரண்டாவது மூன்றாவது கிட்டுக்கான வேலை. பசையே வேண்டாத, அழுத்திப் பொருத்தும் கிட்களும் இருக்கின்றன. அவற்றைச் சிறுவர்களுக்கானவை என்று ஒதுக்க வேண்டாம். சில நிறுவனங்களின் அழுத்திப் பொருத்தும் கிட்கள் மிகத் துல்லியமானவை.

உங்கள் கனவுக் காரின் கிட் கண்ணில் பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதை முதலில் கட்டாதீர்கள். பெயின்ட் கைக்குப் பழகும்வரை அது காத்திருக்கட்டும்.

எந்த நிறுவனத்தின் கிட் நல்லது?

நிறுவனத்தைவிட அச்சு எந்த ஆண்டில் வெட்டப்பட்டது என்பதுதான் முக்கியம். ஒரே நிறுவனத்தின் பெயரில் ஐம்பது ஆண்டு பழைய அச்சும் போன ஆண்டு அச்சும் ஒரே மாதிரிப் புதுப்பெட்டியில் வரும். பெட்டியில் அச்சிட்ட ஆண்டை வைத்து ஏமாந்துவிடக் கூடாது. கிட்களின் வரலாற்றைத் தொகுத்து வைத்திருக்கும் ஸ்கேல்மேட்ஸ் போன்ற தரவுத்தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

இருந்தாலும் சில பொதுவான குணங்களைச் சொல்லலாம். ஜப்பானின் ஷிசுவோகா மாகாணம் பிளாஸ்டிக் மாடல்களின் தலைநகரம்; டமியா, ஹசேகாவா, ஆவோஷிமா, ஃபுஜிமி எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. இவற்றில் டமியாவின் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்துக்கு ஈடு குறைவு. 1946இல் மரம் அறுக்கும் நிறுவனமாகத் தொடங்கி, 1960இல் முதல் பிளாஸ்டிக் மாடலான யமாட்டோ போர்க்கப்பலை வெளியிட்டவர்கள் அவர்கள். 1967இல் 1/12 அளவில் ஹோண்டா ஃபார்முலா ஒன் காரைச் செய்தார்கள். பிறகு போர்ஷே 934க்கான கிட்டைத் தயாரிக்கும்போது, விவரம் போதவில்லை என்று ஓர் அசல் போர்ஷே 911ஐயே வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். அந்தப் பிடிவாதத்தை அவர்களுடைய கிட்டில் விரலால் உணரலாம்.

அமெரிக்கக் கார்கள் வேண்டுமென்றால் ரெவெல், மோனோகிராம், ஏ.எம்.டி., எம்.பி.சி., மோபியஸ். இவற்றில் எஞ்சின் பெரும்பாலும் இருக்கும். பழைய அச்சுகளில் பாகங்களின் ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பிசிறும் தாராளமாக இருக்கும். லாரிகளுக்கு இத்தாலேரி. இத்தாலியின் போக்கர் 1/8 அளவில் ஆயிரக்கணக்கான பாகங்களோடு பழைய ஆல்ஃபா ரோமியோவைக் கொடுத்தது. அதைத் தொடங்கியவர்கள் பலர், முடித்தவர்கள் சிலர்.

எஞ்சின் இல்லாத கிட்டை வாங்குவது ஏமாற்றம்தானே?

இல்லை. பானெட்டைத் திறந்துகாட்டும் கிட்டில், மூடியபின் பானெட் சரியாக உட்காராமல் ஒரு மயிரிழை இடைவெளி துருத்திக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கும். எஞ்சின் இல்லாத கிட்டில் மேலுடலின் வடிவம் சுத்தமாக இருக்கும். அலமாரியில் நிற்கும் காரில் யாரும் பானெட்டைத் திறந்து பார்ப்பதில்லை. எல்லோரும் பார்ப்பது அதன் மேல்தோலைத்தான்.

தொடங்க என்னென்ன கருவிகள் வேண்டும்?

ஸ்ப்ரூவிலிருந்து பாகத்தை வெட்ட ஒரு பக்கம் தட்டையான நிப்பர், கூரிய கத்தி, இடுக்கி, 400 முதல் 2000 வரையிலான உப்புத்தாள், மாஸ்கிங் டேப், பல் குத்தும் குச்சிகள், துணி மாட்டும் கிளிப்புகள். பாகத்தை ஒட்டி ஒரே வெட்டாக வெட்டாதீர்கள். முதலில் சற்றுத் தள்ளி வெட்டி, பிறகு மிச்சத்தைச் சீவுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் பிய்ந்து குழி விழும். மங்கிய கத்திதான் ஆபத்து: அதை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும். கருவிப்பெட்டி நிறைய வாங்கிக் குவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பணத்தில் பாதியைப் பெயின்ட்டுக்கும் பாலிஷுக்கும் ஒதுக்குங்கள்.

எந்தப் பசை?

பாலிஸ்டைரீனோடு பாலிஸ்டைரீனை ஒட்ட நீர்த்த கரைப்பான் பசை. இது பிசின் போல நடுவில் நின்று ஒட்டுவதில்லை. இரண்டு விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. ஆகவே பாகங்களை முதலில் சேர்த்துப் பிடித்து, இணைப்பின் ஓரத்தில் தூரிகையால் தொட்டால் போதும், தானாக உள்ளே ஓடிவிடும். விரல் அந்த இணைப்பின் மேல் இருந்தால் பசை விரலடியிலும் ஓடி, ரேகையை நிரந்தரமாகப் பதித்துவிடும்.

பெயின்ட் அடித்த பரப்பிலும் குரோம் பூசிய பரப்பிலும் இந்தப் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தைச் சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும். உலோகம், ரெசின் பாகங்களுக்குச் சூப்பர் குளூ எனப்படும் சயனோஅக்ரிலேட். ஆனால் அதைக் கண்ணாடிப் பாகத்தின் அருகே கொண்டுபோகக் கூடாது. அதன் ஆவி படிந்து கண்ணாடி வெண்மையாக மங்கிவிடும். கண்ணாடிக்கு உலர்ந்தபின் நிறமற்றுப் போகும் வெள்ளைப் பசையே சரி.

செய்முறைத் தாள் எஞ்சினிலிருந்து தொடங்குகிறது. அப்படியே செய்யலாமா?

வேண்டாம். மேலுடலிலிருந்து தொடங்குங்கள். பெயின்ட் முழுமையாக இறுக அதிக நாள் பிடிப்பது அதற்குத்தான். அது காய்ந்துகொண்டிருக்கும்போது இருக்கை, அடிச்சட்டம், சக்கரம் எல்லாவற்றையும் செய்துமுடிக்கலாம்.

எதற்கும் முன்பாக ஒரு வேலை இருக்கிறது. மேலுடல், உள்ளறை, அடிச்சட்டம், சக்கரங்கள் இவற்றை டேப்பால் ஒட்டி ஒருமுறை காரை நிறுத்திப் பாருங்கள். நான்கு சக்கரமும் தரையைத் தொடுகின்றனவா, டயர் மட்கார்டில் உரசுகிறதா, உடல் பொருத்தமான உயரத்தில் நிற்கிறதா? பெயின்ட் அடித்த பிறகு உள்ளறை நுழையவில்லை என்று தெரிந்தால், அதைத் தேய்க்கும்போது புதுப் பெயின்ட்டும் சேர்ந்து போகும்.

மேலுடலை எப்படித் தயார் செய்வது?

இங்கேதான் ஒரு மாடல் கார் நன்றாக வருவதும் கெடுவதும் முடிவாகிறது. போர் விமானம், டாங்கி கட்டுபவர்களுக்கு மங்கிய பெயின்ட், தூசி, துரு எல்லாம் துணை; சின்னக் குறைகளை அவை மூடிவிடும். காரின் பளபளப்பு எதையும் மூடாது. மங்கலான பிளாஸ்டிக்கில் கண்ணுக்கே தெரியாத கோடு, பளபளப்பான கறுப்பில் அறைக்கு அந்தப்பக்கத்திலிருந்தே தெரியும்.

அச்சின் துண்டுகள் சேரும் இடத்தில் பாகத்தின் மேல் ஒரு மெல்லிய மேடு விழும். கார் உடலில் அது வழக்கமாக முன், பின் மட்கார்டுகளின் மேலும் கூரைத் தூண்களிலும் ஓடும். அதைத் தேடிப் பிடித்துக் கத்தியின் முதுகால் சுரண்டி, 600, 1000 உப்புத்தாளால் நனைத்துத் தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக் தடிமனாக இருக்கும் இடங்களில் குளிரும்போது சுருங்கி மேற்பரப்பு லேசாகக் குழிந்திருக்கும், அதற்குப் புட்டி. கதவு, பானெட் ஆகியவற்றின் கோடுகளைப் பெயின்ட் நிரப்பிவிடும் என்பதால், அடிப்பதற்கு முன்பே அவற்றைக் கீறி ஆழப்படுத்திக்கொள்வது நல்லது.

அடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். அச்சிலிருந்து எளிதாகப் பிரிவதற்காகப் பூசும் எண்ணெயும் நம் கை எண்ணெயும் போனால்தான் பெயின்ட் பிடிக்கும்.

பிறகு பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. சாம்பல் நிறப் பிரைமர் அடித்ததும் தப்பித்த குறைகளெல்லாம் வெளியே வரும். மறுபடி தேய்த்து, மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான். ஆனால் நல்ல மாடல் கட்டுபவரையும் மற்றவரையும் பிரிப்பது கைத்திறன் என்று நான் நினைக்கவில்லை. இந்த இரண்டாவது பிரைமரை அடிக்கும் பொறுமைதான்.

எனாமல், லாக்கர், அக்ரிலிக்: எதன் மேல் எதை அடிக்கலாம்?

லாக்கரின் கரைப்பான் வீரியமானது, எனாமலின் கரைப்பான் மென்மையானது, நீரில் கரையும் அக்ரிலிக் அதனினும் மென்மையானது. வீரியமானதை அடியில் வைத்து மென்மையானதை மேலே அடிக்கலாம். எனாமலின் மேல் லாக்கரை அடித்தால் கீழே உள்ள பூச்சு சுருங்கி முதலைத்தோலாகும்.

மேலுடலுக்கு லாக்கரே என் தேர்வு. சீக்கிரம் காயும், மெல்லிய படலமாக அமரும், பாலிஷுக்கு இணங்கும். டமியாவின் டி.எஸ். வரிசை ஸ்ப்ரே, மிஸ்டர் கலர் இரண்டும் இந்த வகை. எனாமல் நன்றாகச் சமனாகிப் பளபளக்கும், ஆனால் காய நாள் கணக்கில் ஆகும். அத்தனை நாளும் தூசி படியாமல் காப்பது பெரும்பாடு. உள்ளறை, எஞ்சின், சின்னஞ்சிறு பாகங்களுக்குத் தூரிகையில் அடிக்க நீர்த்த அக்ரிலிக் வசதி, வாசனையும் குறைவு.

இன்னொன்று: அசல் காரின் பெயின்ட் மொத்தமே ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். அதே 0.1 மில்லிமீட்டரை 1/24 காரில் அடித்தால் அது அசலில் 2.4 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சமம். கதவுக் கோடுகளும் பெயர்ப் பொறிப்புகளும் அதில் முழுகிப்போகும். அசல் காருக்கான மெட்டாலிக் பெயின்ட்டை மாடலில் அடித்தால் பளபளக்கும் துகள்கள் ஜிகினா போலப் பெரிதாகத் தெரிவதும் இதே அளவுச் சிக்கல்தான்.

ஸ்ப்ரே கேனே போதுமா, ஏர்பிரஷ் வாங்க வேண்டுமா?

கேனிலேயே பரிசு வாங்கும் தரத்தில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். கேனை 40 டிகிரி அளவு வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்து எடுத்தால் தெளிப்பு மென்மையாகும். கொதிநீரிலோ அடுப்பருகிலோ வைத்தால் வெடிக்கும்.

முதல் இரண்டு பூச்சுகள் பனி படிவது போல மெல்லியதாக இருக்கட்டும். அடியிலுள்ள நிறம் தெரிந்தாலும் பரவாயில்லை. அடுத்ததைச் சற்று ஈரமாக அடிக்க வேண்டும். தெளிப்பைக் காருக்கு வெளியே தொடங்கி, குறுக்கே கடந்து, வெளியே நிறுத்துங்கள். உடலின் மேலேயே அழுத்தித் தொடங்கினால் அந்த இடத்தில் ஒழுகும்.

ஏர்பிரஷ் என்பது காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தெளிக்கும் பேனா போன்ற கருவி. அதன் பலன், விரும்பிய நிறத்தைக் கலந்து மெல்லிய படலமாக அடிக்க முடிவது. 0.3 மில்லிமீட்டர் முனையுள்ள ஒன்று எல்லா வேலைக்கும் போதும். கழுவச் சோம்பல்படுகிறவர்கள் வாங்க வேண்டாம்.

பெயின்ட் ஆரஞ்சுத் தோல் போல வந்துவிட்டது. அல்லது தூசி ஒட்டிவிட்டது. அழித்துவிட வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. நன்றாகக் காயவிடுங்கள், மூக்கை அருகில் கொண்டுபோனால் பெயின்ட் வாசனை வருகிறதென்றால் இன்னும் காயவில்லை. பிறகு 2000 உப்புத்தாளை நீரில் நனைத்து, மேடுகள் மட்டம் ஆகும்வரை மெல்லத் தேய்த்து, கரடு, நடுத்தரம், மென்மை என்ற வரிசையில் பாலிஷ் போட்டால் மறுபடியும் பளபளக்கும். விளிம்புகளிலும் உடலின் கூரிய மடிப்புகளிலும் பெயின்ட் மெல்லியதாக இருக்கும். அங்கே தேய்த்தால் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். அந்த இடங்களை டேப்பால் மறைத்துக்கொண்டு தேய்ப்பது நல்லது. மெட்டாலிக் நிறத்தை நேரடியாகத் தேய்க்கக் கூடாது, துகள்களின் வரிசை கலைந்து திட்டுத்திட்டாகும். அதன் மேல் நிறமற்ற பூச்சு அடித்து, அந்தப் பூச்சைத்தான் தேய்க்க வேண்டும்.

வெண்மையாக மூட்டம் போட்டாற்போல் வந்திருந்தால் காரணம் வேறு. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமென்றால் அந்த ஈரம் பெயின்ட்டில் படிகிறது. மழைநாளில் லாக்கர் அடிக்காதீர்கள். ஏற்கெனவே மூட்டம் போட்டுவிட்டதென்றால், உலர்ந்த நாளில் மேலே மெல்லிய ஒரு பூச்சு அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

வெள்ளைக் கார் வேண்டும், ஆனால் கிட் சிவப்புப் பிளாஸ்டிக்கில் வந்திருக்கிறது.

சிவப்புப் பிளாஸ்டிக்கின் சாயம் மேலே உள்ள வெள்ளைக்குள் ஊறி இளஞ்சிவப்பாக்கும். முதலில் வெள்ளி நிறத்தையோ சாயத்தைத் தடுக்கும் பிரைமரையோ அடித்து மூடுங்கள். பொதுவாகவே மஞ்சள், சிவப்பு போன்ற நிறங்களுக்கு அடியில் வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பிரைமர் இருந்தால்தான் நிறம் துலங்கும். சாம்பல் பிரைமரின் மேல் மஞ்சள் அழுக்காகத் தெரியும்.

கிட்டில் வரும் குரோம் பாகங்கள் பொம்மைத்தனமாக இருக்கின்றன. என்ன செய்வது?

அது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியப் படலம். வீட்டில் துணி வெளுக்கப் பயன்படும் குளோரின் திரவத்தில் ஊறவைத்தால் கழன்றுவிடும். வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவத்தோடும் அதைக் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். பாகத்தைக் கழுவி, வெட்டுத் தழும்பைத் தேய்த்து, பளபளப்பான கறுப்பு அடித்து, அதன் மேல் குரோம் பெயின்ட்டை மிக மெல்லியதாக அடித்தால் உலோகம் போலவே தெரியும். ஜன்னல் ஓரக் கம்பிகளுக்கு மெல்லிய உலோகத் தாளை ஒட்டி, புதிய கத்தியால் ஓரத்தை வெட்டி எடுக்கும் முறையை இதுவரை எந்தப் பெயின்ட்டும் வெல்லவில்லை.

பந்தயக் காரின் டீக்காலில் சில இடங்கள் ஏன் வெறுமையாக இருக்கின்றன?

சிகரெட் விளம்பரங்கள். 1970, 80களின் ஃபார்முலா ஒன் கார்கள் பலவற்றில் புகையிலை நிறுவனங்களின் பெயர்கள்தான் பெரிதாக இருந்தன. பழைய கிட்களில் அவை அப்படியே வந்தன, பின்னாளில் விலக்கிவிட்டார்கள். 1988இல் பதினாறு பந்தயங்களில் பதினைந்தை வென்ற மெக்லாரன் எம்.பி. 4/4 காரை அந்தச் சிவப்பு வெள்ளையோடும் எழுத்துகளோடும் செய்ய விரும்புகிறவர்கள், தனியாக விற்கப்படும் டீக்கால் தாள்களை வாங்குகிறார்கள்.

டீக்காலை நீரில் நனைத்து, அதை நகர்த்தித்தான் ஒட்ட வேண்டும், இழுக்கக் கூடாது. வளைவான இடங்களில் மென்மையாக்கும் திரவத்தைத் தொட்டுவிட்டால் சுருங்கிச் சுருங்கி அதுவாகவே படியும். அந்த நேரத்தில் அலங்கோலமாகத் தெரியும். கை வைக்காமல் விட்டுவிடுங்கள். மேலே லாக்கர் பூச்சு அடிப்பதென்றால் முதல் இரண்டு பூச்சுகள் ஏறத்தாழ உலர்ந்தே விழட்டும், ஈரமாக அடித்தால் டீக்கால் கரையும்.

பல ஆண்டுகளுக்கு முன் கட்டிய காரில் டயர் சக்கரத்தோடு உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏன்?

வினைலை மிருதுவாக வைத்திருக்கச் சேர்க்கும் ரசாயனம் மெல்லக் கசிந்து பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. பழைய அமெரிக்கக் கிட்களில் இது சகஜம். பெட்டிக்குள்ளேயே டயர்கள் கண்ணாடிப் பாகத்தில் படிந்து தடம் பதித்திருப்பதையும் பார்க்கலாம். பழைய கிட் கைக்கு வந்ததும் முதலில் டயர்களைத் தனிப் பையில் போடுங்கள். கட்டும்போது சக்கரத்தின் விளிம்பில் உலோகத் தாளை ஒட்டி, அதன் மேல் டயரை மாட்டினால் பல காலம் தாங்கும்.

பழைய, பிரிக்காத கிட் நல்ல முதலீடா?

பொதுவாக இல்லை. கிடைக்காத கிட்டுக்குத்தான் விலை ஏறுகிறது. ஏறிய விலையைப் பார்த்து நிறுவனம் அச்சை மறுபடி எடுத்து ஓட்டினால் ஒரே நாளில் இறங்கிவிடும். ஏ.எம்.டி., எம்.பி.சி. பெயர்களை இப்போது வைத்திருக்கும் ரவுண்ட் 2 நிறுவனம் பழைய பெட்டிப் படத்தோடேயே மறுவெளியீடுகளைக் கொண்டுவருகிறது.

மறுவெளியீடு வரவே முடியாதவை வேறு கதை. 1960களில் அமெரிக்க நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் காரின் புது வடிவத்துக்கு ஏற்ப அதே அச்சையே வெட்டித் திருத்தின. அடுத்த ஆண்டு மாடலாக மாறிய அச்சில் முந்தைய ஆண்டுக் கார் இனி வராது. அப்படிப்பட்ட ஆண்டுக் கிட்கள் உண்மையிலேயே அரியவை. ஆனால் வாங்குவதற்கு முன் அச்சு பிறகு புதிதாக வெட்டப்பட்டதா என்று விசாரியுங்கள்.

பிரிக்காத பெட்டி என்ற மோகத்திலும் எனக்கு உடன்பாடில்லை. இறுக்கமாகச் சுற்றிய பிளாஸ்டிக் உறை ஆண்டுக்கணக்கில் பெட்டியை நெரித்து வளைத்துவிடும். உள்ளே டீக்கால் மஞ்சளாகியிருக்கலாம், டயர் கண்ணாடியைக் கரைத்திருக்கலாம், ஒரு பாகம் ஆலையிலேயே விடுபட்டிருக்கலாம். உறையைத் திறக்காமல் இது எதுவும் தெரியாது. மஞ்சளான டீக்கால் தாளை உறையிலிட்டு வெயில் படும் ஜன்னலில் சில நாள் ஒட்டிவைத்தால் ஓரளவு வெளுக்கும்.

1950களின் விளம்பரக் கார்களைத் தேடுபவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பல அசிட்டேட் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டவை. காலப்போக்கில் நடு வளைந்து வாழைப்பழ வடிவத்துக்கு வந்துவிடும். அதை நிமிர்த்த நம்பகமான வழி கிடையாது.

வாங்கும் வேகத்துக்குக் கட்ட முடியவில்லை. குவிந்துகொண்டே போகிறது.

எல்லோருக்கும் அப்படித்தான். சேர்ப்பதும் கட்டுவதும் இரண்டு தனித்தனிப் பொழுதுபோக்குகள். ஒன்றைச் செய்துகொண்டு மற்றொன்றைச் செய்வதாக நம்புவதுதான் சிக்கல். ஆறு சக்கரமுள்ள டைரல் பி34 உங்கள் அலமாரியில் இரண்டு அளவுகளில் இருக்கலாம்; 1976 சுவீடன் கிராண்ட் பிரீயில் முதல் இரண்டு இடத்தையும் பிடித்த விசித்திரக் கார் அது, ஆசை வருவது இயல்பு. ஆனால் இரண்டில் ஒன்றையாவது இந்த ஆண்டு வெட்டத் தொடங்குங்கள். மற்றதைக் கட்டப்போகும் ஒருவருக்கு விற்றுவிடலாம்.

முப்பரிமாண அச்சுப்பொறி வந்துவிட்ட பிறகு கிட் எதற்கு?

மாற்றுச் சக்கரங்கள், இருக்கைகள், எஞ்சின், கிட்டாகவே வராத காரின் மேலுடல் என்று அச்சுப்பொறி தரும் பாகங்கள் அருமையானவை. ஆனால் அச்சிட்ட அடுக்குகளின் கோடுகளைத் தேய்த்து எடுப்பது அச்சு மேட்டைத் தேய்ப்பதைவிடக் கடினம். வார்த்த கிட்டும் அச்சிட்ட சக்கரமும் சேர்ந்த மாடல்தான் இப்போது பரவலாகக் காணப்படுகிறது. அச்சுப்பொறிக்கு ஊற்றும் இறுகாத ரெசின் திரவத்தைக் கையுறையில்லாமல் தொடாதீர்கள், பல பேருக்குத் தோல் ஒவ்வாமை வருகிறது.

மூச்சுக்குப் பாதுகாப்பு?

லாக்கர் அடிக்கும்போது கரிம ஆவிகளைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி கட்டாயம். துணி முகமூடியும் தூசி முகமூடியும் ஆவியைத் தடுக்காது. காற்றை வெளியே இழுக்கும் விசிறி, திறந்த ஜன்னல் இரண்டும் வேண்டும். அருகில் தீ கூடாது. ரெசினைத் தேய்த்தால் நனைத்துத் தேய்க்க வேண்டும், தூசி பறக்காது. கண்ணாடி போல மின்னும் இரு கலவைக் கிளியர் பூச்சுகளில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் ஆஸ்துமாவாக நிலைத்துவிடும் அபாயம் உண்டு. தொழில்முறைப் பாதுகாப்பு இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். சாதாரண லாக்கரைப் பொறுமையாகப் பாலிஷ் போட்டாலே கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஒரு காரை முடிக்க எவ்வளவு நாள் ஆகும்?

அழுத்திப் பொருத்தும் கிட்டென்றால் ஒரு மாலை. மேலுடலைச் சரியாகச் செய்தால் சில வாரங்கள். அதில் பாதி, காய்வதற்காகச் சும்மா இருப்பது.

முடித்த காரை எப்படி வைப்பது?

தூசி படியாத மூடிய பெட்டியில், நேரடி வெயில் படாத இடத்தில். பாலிஸ்டைரீன் கொதிநீரின் சூட்டுக்கு அருகிலேயே இளகத் தொடங்கிவிடும்; வெயிலில் நிறுத்திய அசல் காருக்குள் மாடலை விட்டுவைத்தால் கூரை தொங்கிவிடக்கூடும். சிவப்பு நிறங்களும் டீக்கால்களும் ஒளியில் முதலில் வெளுக்கும். தூசியைத் துணியால் துடைக்காதீர்கள், மெல்லிய கீறல் விழும். அகலமான மிருதுவான தூரிகையால் தட்டிவிட்டால் போதும். காரைத் தூக்கும்போது மேலுடலைப் பிடிக்காமல் அடிச்சட்டத்தின் ஓரங்களைப் பிடித்துத் தூக்குங்கள். பக்கக் கண்ணாடிகள்தான் எப்போதும் முதலில் உடையும்.